எல்லைக்கல்லும் வீட்டுச் சுவரும்

புத்தளம் மாவட்டத்துக் கடலோர ஊர்ப்பெயர்களைக் கூர்ந்து நோக்குவோர், அவற்றுட் பல நிலத்தின் இயல்பையே பெயராகத் தாங்கி நிற்பதைக் காண்பர். குறிஞ்சிப்பிட்டி அவ்வாறானதோர் ஊர். பிட்டி என்றால் மேடு. மேற்கே கடலும் கிழக்கே களப்பும் நெருக்க, ஒடுங்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டிலே கல் அரிது, மணலே எங்கும். மணலில் நாட்டிய கட்டை சாயும். காற்று வேலியை மூடும். கரை ஒரு பருவத்தில் வளரும், மறு பருவத்தில் தேயும். இத்தகைய நிலத்தில், 'என் காணி இங்கே முடிகிறது, உன் காணி இங்கே தொடங்குகிறது' என்று அறுதியிட்டுரைப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். அத்துணிவை நொத்தாரிசு எழுதிய உறுதியும் நில அளவையாளர் வரைந்த படமும் மனிதனுக்கு அளிக்கின்றன. ஆனால் வீடு கட்டுகிறவன் படத்தை விரித்து வைத்துக்கொண்டா கட்டுகிறான்? கயிறு பிடித்துக் கட்டுகிறான். கயிறு மூன்றடி தவறினால் சுவர் அயலவன் நிலத்தில் எழுந்துவிடுகிறது.

அவ்வாறு எழுந்த சுவர் யாருடையது? நாம் ஆராயப் புகுவது இந்த வினாவையே. அற்ப வினாவென்று இதனைத் தள்ளிவிடுவோர் உளர். அயலவர் இருவரின் வேலிச் சண்டையில் வரலாறு என்ன இருக்கிறது என்பார்கள். நிலம் ஒருவனுடையதாகவும் அதன்மேற் செலவிட்ட உழைப்பு இன்னொருவனுடையதாகவும் இருக்கும்போது சட்டம் எவன் பக்கம் சாய்கிறது என்பதைக் காட்டும் துலாக்கோல் இவ்வினா. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளாக அக்கோல் எவ்வெவ்வாறு சாய்ந்து வந்திருக்கிறது என்று பார்ப்பது பயனற்ற வேலையன்று.

இலங்கையில் இன்று வழங்கும் பொதுச் சட்டத்தின் வேர் உரோமாபுரியில் இருக்கிறது. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமர் தொகுத்த பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒருவன் வீட்டில் இன்னொருவனுடைய மரவளை பொருத்தப்பட்டுவிட்டால், மரத்துக்குரியவன் அதனைப் பிடுங்கலாகாது. இரட்டிப்பு விலையை வேண்டுமானால் பெற்றுக்கொள்ளலாம். எழுந்து நிற்கும் கட்டடங்கள் இடிபடலாகாது என்பதே இதன் நோக்கம் எனப் பின்வந்த சட்டநூலார் விளக்கினர். கட்டடத்தில் உறைந்துவிட்ட உழைப்பைக் கலைத்துச் சிதைப்பது சமுதாயத்துக்கே நட்டம் என்னும் உணர்வு அந்த அடிமைச் சமுதாயத்திலும் இருந்தது. ஆனால் உரோமரின் மற்றைய கோட்பாடு, நிலத்தில் நிற்பது நிலத்துக்கே உரியது என்பது. பிறன் நிலத்தில் நீ மாளிகையே எழுப்பினாலும் அம்மாளிகை நிலக்காரனைச் சாரும். எனினும் இதற்கொரு தளர்ச்சியும் வைத்தார்கள். தன் நிலமென்று நம்பிக் கட்டியவன் அவ்வீட்டில் இருக்கும்போது, நிலக்காரன் அதை மீட்க வந்தால், பொருள்களின் விலையையும் தொழிலாளரின் கூலியையும் கொடுத்தே மீட்கவேண்டும் என்று யுஸ்தினியானுவின் சட்டநூல், கி. பி. 533இல், உரைத்தது. அயலான் நிலமென்று அறிந்தே கட்டியவனுக்கு அந்தத் தயவு கிடையாது.

தொழிலாளரின் கூலி என்னும் சொல்லை வாசகர் நினைவில் இருத்திக்கொள்வாராக. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், ஐரோப்பாவில் வணிக முதலாளித்துவம் முதன்முதலில் முழுவளர்ச்சி பெற்ற ஒல்லாந்து நாட்டிலே, அச்சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்ப்போம். 1658ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒல்லாந்து மாகாணச் சபை ஒரு கட்டளை பிறப்பித்தது. குத்தகை நிலத்தில், நிலக்காரரின் சம்மதத்தோடு குத்தகைக்காரர் எழுப்பிய கட்டடங்களுக்கு, அவர்கள் நிலத்தைவிட்டு வெளியேறிய பின்னர், வெறும் பொருள்களின் விலையை மட்டுமே கோரலாம். உழைப்பின் மதிப்பு கணக்கிற் சேராது. நட்டஈடு தரும்வரை வெளியேறமாட்டேன் என்று நிலத்தைப் பிடித்துவைத்திருக்கும் உரிமையும் இல்லை. செங்கல்லுக்கு விலை உண்டு. அதை அடுக்கிய கைக்கு விலை இல்லை! உரோமப் பேரரசன் கணக்கில் எழுதிய கூலியை ஒல்லாந்த நிலக்கிழார்கள் கோடிட்டு அழித்தனர். இக்கட்டளை வெளிவந்த அதே 1658ஆம் ஆண்டில்தான் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

கற்பிட்டியும் அவர்கள் கைக்கு வந்தது. கல்பென்டைன் என்று அதனை அவர்கள் அழைத்தனர். 1667இல் தொடங்கி 1676இல் முடித்த அவர்களுடைய கோட்டை இன்றும் அங்கே நிற்கிறது. கண்டி மன்னன் தேவாலயம் ஒன்றைக் கட்டுவதற்கே இசைவளித்தான் எனவும், அந்த இசைவைக் காட்டிக் கோவில் முகப்போடு கோட்டையையே எழுப்பிவிட்டனர் எனவும் ஒரு கதை வழங்கிவருகிறது. கதையின் உண்மை எவ்வாறாயினும், அனுமதித்த எல்லையைக் கடந்து கட்டும் கலையில் அந்நியர் எவருக்கும் இளைத்தவரல்லர் என்பதை மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. குடிசை எல்லை தாண்டினால் அத்துமீறல். கோட்டை எல்லை தாண்டினால் சரித்திரம்.

ஒல்லாந்தர் காணிகளையும் குடிகளையும் பதிந்த தோம்புகளை விட்டுச் சென்றனர். சட்டத்தையும் விட்டுச் சென்றனர். 1799 செப்டெம்பர் 23ஆந் தேதிப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயர் அச்சட்டத்தைத் தொடர்ந்து கையாள ஒப்பினர். வட மாகாணத் தமிழருக்குத் தேசவழமை 1806இல் உறுதிப்படுத்தப்பட்டது. ஆனால் புத்தளக் கரைக்கு அத்தேசவழமை எட்டவில்லை. அங்குள்ள முஸ்லிமும் தமிழரும் சிங்களரும், மரபுரிமை விடயத்தில் தத்தம் முறைகளைப் பின்பற்றினாலும், சுவரும் எல்லையும் என்று வரும்போது உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின்முன்னேயே நிறுத்தப்பட்டனர். (கற்பிட்டியிற் பிறந்து, 1834இல் இலங்கை பற்றிய தகவற்றிரட்டையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, பிற்காலத்தில் சிலாபத்தில் நீதிபதியாக அமர்ந்தவர். அவர் முன்வந்த வழக்குகளிற் பெரும்பாலன காணி வழக்குகளாகவே இருந்திருக்கும் என்று எண்ணுவது தவறாகாது.)

நம் நாட்டு மரபு இவ்விடயத்தில் எத்தகையது? சோழர் காலத்துச் செப்பேடுகளில், தானமாகக் கொடுத்த நிலத்தைச் சுற்றிப் பெண்யானையை நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுத்த செய்தி வருகிறது. அவ்வேடுகளே, நிலத்தைக் கொடுத்ததாகச் சொல்வதோடு நில்லாமல், மேலே வளர்ந்த மரத்தையும் கீழே தோண்டிய கிணற்றையும் தனித்தனியே எடுத்துரைக்கின்றன. நிலத்தைச் சொன்னால் அதன்மேல் உள்ளதெல்லாம் தானே அடங்கிவிடும் என்று நம்முன்னோர் கருதியிருப்பின் இந்த அடுக்கு தேவைப்பட்டிராது. யாழ்ப்பாணத்து உறுதிகளை வாசித்தவர்களுக்கு வீடு, கிணறு, வான்பயிர் என்றும், கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரித்து என்றும் வரும் தொடர்கள் புதியனவல்ல. நிலம் ஒருவர் கையிலும் மரம் வேறொருவர் கையிலும் கிணற்றில் அரைப்பங்கு மூன்றாமவர் கையிலும் இருப்பது இங்கே வழக்கமான காரியம். எல்லாவற்றையும் மண்ணோடு கட்டிவிடும் உரோமக் கோட்பாடு இந்த மண்ணில் வெளியிலிருந்து வந்து குடியேறியது.

இதனை ஆங்கிலேய நீதிபதி ஒருவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1866இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் முழு ஆயத்தில், தலைமை நீதிபதி சர் பார்ன்ஸ் பீக்கொக், மண்ணோடு ஒட்டிக்கொண்டதென்னும் காரணத்தால் மட்டும் ஒரு கட்டடம் நிலக்காரனுடையதாகிவிடுவதில்லை என்பதே இந்நாட்டு வழக்கம் என்று தீர்ப்பளித்தார். வெறும் அத்துமீறியாக இல்லாமல், உரிமை உண்டென்று நம்பிக் கட்டியவன், தன் பொருள்களைப் பெயர்த்துக்கொண்டு நிலத்தைப் பழைய நிலையில் விடலாம். அல்லது கட்டடத்தின் மதிப்பைப் பெறலாம். 1921ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் இன்னும் ஓரடி முன்சென்றது. முதல் உலகப்போரின் பின்னர் சென்னை நகரில் அடிமனை வாடகை ஏறியபோது, பிறர் மனையில் தம் கைக்காசைப் போட்டு வீடு கட்டியிருந்த ஏழை எளியவரை நிலக்காரர்கள் கிளப்பத் தொடங்கினர். நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம், கிளப்பும் நிலக்காரன் கட்டடத்துக்கு ஈடு தரவேண்டும் என்றதோடு, நீதிமன்றம் குறிக்கும் விலையைக் கொடுத்துக் குடியிருப்பவனே நிலத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றும் வகுத்தது. வீடு நிலத்தைப் பின்தொடர்வதற்கு மாறாக, நிலம் வீட்டைப் பின்தொடர்ந்தது! கோவில் நிலங்களில் இருந்தோருக்கு அவ்வுரிமை 1996இல் பறிபோயிற்று என்பது வேறு கதை.

இலங்கையில் இத்தகைய சட்டம் எழவில்லை. இங்கே ஆங்கிலேயர் முதற் செய்த காரியம், எல்லையை அளப்பதற்கு முன்னரே எல்லையற்றதைத் தமதாக்கிக் கொண்டதுதான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியில்லா நிலம், பயிரில்லா நிலம் யாவும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியன என்று அனுமானித்தது. அதே ஆண்டில் ஆளுநர் முதலாகப் பல அதிகாரிகள் மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்களுக்கெனப் பெரும் பரப்புகளை விலைக்கு வாங்கியதை வரலாற்று மாணவர் அறிவர். அதே ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு எழுதாத காணிக் கைமாற்றம் செல்லாது என்றது. வாய்ச்சொல்லில் நிலம் கைமாறி வந்த கடற்கரை ஊர்களில் இவ்விரண்டும் சேர்ந்து என்ன விளைத்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உறுதி எழுதக் காசில்லாதவன் தன் தந்தையின் மணலிலேயே அத்துமீறியவனானான்.

ஏழைக்கு எஞ்சியிருந்த கதவு ஆட்சியுரிமை ஒன்றுதான். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்தாண்டு இடையீடின்றி, பிறர் உரிமையை ஏற்காமல், தன்னுடையதாகவே ஆண்டவனுக்கு அந்நிலம் சொந்தமாகும். எல்லையைத் தாண்டி எழுந்த சுவரும் பத்தாண்டு நின்றுவிட்டால் அது நிற்கும் மண் சுவர்க்காரனைச் சேரும். ஆனால் இந்தக் கதவும் எல்லோருக்கும் திறக்கவில்லை. நம் குடும்பங்களில் நிலம் பெரும்பாலும் பிரிக்கப்படாத பங்காகவே கிடக்கிறது; சகோதரன் கட்டிய வீடு சகோதரிகளின் மண்ணிலும் கால் வைத்திருக்கிறது. 1911இல் கொறயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி என்னும் வழக்கில் இலண்டன் கோமறைக் கழகம், பங்காளி ஒருவன் தனித்து ஆண்டாலும் அது எல்லாப் பங்காளிகளுக்குமான ஆட்சியே என்று தீர்த்தது. மற்றவரை வெளியேற்றியதற்கு ஒப்பான செயல் இருந்தாலன்றி, எத்தனை ஆண்டு சென்றாலும் காலம் ஓடத் தொடங்காது. பெண்களின் பங்கைக் காப்பாற்றும் நியாயம் இதில் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வழக்கில் வென்றவர், மற்றைய உரித்தாளரின் பங்குகளை விலைக்கு வாங்கிய வெளியார் என்பதையும் மறக்கலாகாது. 1918இல் தில்லகரத்ன எதிர் பஸ்தியான் என்னும் வழக்கில் நம் உயர்நீதிமன்றம், நெடுங்காலத் தனியாட்சியிலிருந்தே வெளியேற்றத்தை அனுமானிக்கலாம் என்று சிறிது தளர்த்தியது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையிலே எத்தனை குடும்பங்களின் நகையும் தோட்டமும் அப்புக்காத்துமார் வீட்டுப்படி ஏறின என்பதை யார் கணக்கிட்டார்?

இனி அண்மைக்கு வருவோம்.

1990 ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம் மக்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர், யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவினின்றும் வெளியேற்றப்பட்டோர் படகேறிக் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். தமிழின் பெயரால் தமிழ் பேசும் மக்களுக்கு இழைக்கப்பட்ட இக்கொடுமையை முற்போக்காளர் எவரும் சொற்களால் மூடி மறைக்க முற்படலாகாது. உள்ளூர் முஸ்லிம் மக்கள், தாமே வறியோராயிருந்தும், வந்தோருக்கு இடமளித்தனர். பள்ளிவாசலும் பாடசாலையும் முதலில். பின்னர் தென்னந்தோட்டத்து மணலிலே கிடுகுக் கொட்டில்கள். ஆண்டுகள் சென்றன. கொட்டில் மண்சுவராயிற்று, மண்சுவர் சீமெந்துக் கல்லாயிற்று. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பத்துப் பேர்ச், இருபது பேர்ச் எனத் துண்டு நிலங்களை வாங்கினர்.

எல்லை என்னும் பிரச்சினை முளைப்பது இத்தகைய நிலையிலேதான். பத்தேக்கர்த் தோட்டத்துக்கு ஓர் உறுதியும் ஒரு படமும் போதும். அதனைத் துண்டாடிப் பலருக்கு விற்றால் பல எல்லைகள் தோன்றுகின்றன. ஐம்பதடி நீளத்துக்கு மூன்றடி தவறினால் நூற்றைம்பது சதுர அடி. பத்தேக்கர் உடையவனுக்கு அது ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு. அவன் கண்ணிற் படவும் மாட்டாது. பத்துப் பேர்ச் உடையவனுக்கோ பதினெட்டில் ஒரு பங்கு. கிணறு வெட்டவோ மலகூடம் கட்டவோ வைத்திருந்த இடமே அதுவாக இருக்கலாம். ஆகவேதான் ஏழைகளின் எல்லைச் சண்டை அத்தனை உக்கிரமாக இருக்கிறது. 'படிப்பறிவில்லாதவர்கள், மூன்றடிக்கு வெட்டிக்கொள்கிறார்கள்' என்று மேற்றட்டினர் முகஞ்சுழிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். மூன்றடியின் பெறுமதி மொத்த நிலத்தின் அளவைப் பொறுத்தது என்னும் எளிய கணக்கு அவர்களுக்குத் தெரிவதில்லை.

2007இல் உலக வங்கியின் கடனுதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோது, வீட்டுக்குப் பணம் பெறக் காணிக்குத் தெளிவான உரித்து வேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. பல குடும்பங்கள் தம் நிலத்தின் எல்லையைக் கடதாசியிலே காட்டவேண்டிய நிலைக்கு ஆளாயின. நல்லதே. ஆனால் கொட்டில்கள் முன்னரே எழுந்துவிட்டன. அளவை பின்னரே வந்தது. எழுந்து நிற்கும் சுவரின்மேல் கோடு விழுந்தால் கோடு வளையுமா, சுவர் வளையுமா?

உரோம-ஒல்லாந்தச் சட்டம் இதற்கு விடை தருகிறது. தன் நிலமென்று நம்பிக் கட்டியவன் ஈடு பெறும்வரை வீட்டைப் பிடித்துவைத்திருக்கலாம். அயலவன் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடியிருந்த நிலக்காரன் பின்னர் இடிக்கக் கோருவது எடுபடாது. அன்றியும், இடித்தலால் விளையும் கேடு நிலக்காரன் அடையும் நன்மையிலும் மிகப் பெரிதாயின், இடிக்குமாறு ஆணையிடாமல் நட்டஈட்டோடு நிறுத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. நியாயமான விதிதான். ஆனால் இவ்விதி யார் கையில் எவ்வாறு பயன்படுகிறது என்பதற்குத் தென்னாப்பிரிக்கா, இதே உரோம-ஒல்லாந்தச் சட்டம் வழங்கும் மற்றைய நாடு, ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. கேப் உயர்நீதிமன்றத்தில் முடிவாகி, 2004ஆம் ஆண்டின் தீர்ப்புத் திரட்டில் வெளியான வழக்கொன்றில், ஒரு சொகுசு மாளிகை அயலவரின் வெற்று மனையில் ஏறத்தாழ எண்பது சதவீதத்தை விழுங்கியிருந்தது. மனைக்காரர் இடிக்கவேண்டும் என்றார். மாளிகை பெருஞ்செலவிற் கட்டியது, இடித்தால் வீண் என்று கூறி நீதிமன்றம் பணத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு அவருக்குச் சொல்லிற்று. வீடு எத்துணைப் பெரிதோ அத்துணைப் பாதுகாப்பு! பணம் கொட்டிக் கட்டினால் அயலவன் நிலத்தை அவன் விருப்பமின்றியே விலைக்கு வாங்கிவிடலாம் என்பதன்றி வேறென்ன இது?

1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியக் குடியியற் சட்டக்கோவை வேறொரு வழியைக் கண்டது. வேண்டுமென்றோ பெருங்கவனக்குறைவாலோ அன்றி எல்லை தாண்டிக் கட்டிவிட்டால், உடனே மறுப்புத் தெரிவிக்காத அயலவன் கட்டடத்தைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். பதிலுக்குக் கட்டியவன் ஆண்டுதோறும் வாடகை தரவேண்டும். நிலம் நிலக்காரனிடமே இருக்கிறது, வீடும் நிற்கிறது. பத்துப் பேர்ச் மனிதர் இருவரிடையே ஒரே தடவையில் கொடுக்கப் பெருந்தொகை இல்லாதபோது, இத்தகைய ஏற்பாடு நம் ஊர்களுக்குப் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

இவையெல்லாம் தனியார் இருவரிடையே எழும் வழக்குகள். அயலவன் அரசாங்கமாயின் நிலைமை முற்றிலும் வேறு. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தின்கீழ், உரிய அதிகாரி அரச காணி என்று சொல்லி வெளியேறும் அறிவித்தல் கொடுத்துவிட்டால், அது அரச காணிதானா என்று நீதவான் விசாரிக்க இயலாது; செல்லுபடியான எழுத்து அனுமதி உண்டா என்பதே கேள்வி. நல்லெண்ணத்தோடு கட்டினேன், இருபது ஆண்டு இருந்தேன், அயலவர் அறிவர் என்னும் உரோமர் காலத்து வாதங்கள் அந்த வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. கரைவலை இழுப்போரின் வாடிகளுக்கு என்ன உறுதி இருக்கிறது? கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிச் சுற்றுலாத் திட்டம் வகுக்கப்பட்ட நாளிலிருந்து, கடலுக்குச் செல்லும் பாதைகள் வேலியடைக்கப்பட்டதாக மீனவர் முறையிட்டு வந்துள்ளனர். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் எல்லையிலிருந்து உள்நோக்கி 300 மீற்றரைக் கரையோர வலயமாக்கி, அங்கே கட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்கிறது. அனுமதிப் பத்திரம் பெறும் வழி விடுதி முதலாளிக்குத் தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குறிஞ்சிப்பிட்டிக் கரையோரத்தில் வேரூன்றிய வடபுலத்துக் குடும்பங்களுக்கு, யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ முல்லைத்தீவிலோ விட்டுவந்த வளவு உண்டு. அவ்வளவில் இந்த முப்பதாண்டுகளில் யாரோ குடியேறியிருக்கலாம். அவரும் வேறோர் ஊரிலிருந்து துரத்தப்பட்டவராக இருக்கலாம். அல்லது அயல்வீட்டுச் சுவர் நாலடி உள்ளே வந்திருக்கலாம். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாண்டு என்றோ கடந்துவிட்டது. ஏழைக்குத் துணையாக நின்ற அதே கதவு இப்போது துரத்தப்பட்டவனின் முகத்தில் அறைந்து சாத்தியது. இதனை நீக்கவே 2016இல் ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், அவ்வாண்டின் 5ஆம் இலக்கம், நிறைவேறியது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரை பயங்கரவாதச் செயல்களின் காரணமாகத் தம் உரிமையை நாடமுடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலம் கணக்கிடப்படமாட்டாது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டாண்டுக்குள் வழக்கிடவேண்டும் என்று வரம்பும் வைத்தனர். இருபத்தாறு ஆண்டு இழப்புக்கு இரண்டாண்டு அவகாசம்! உறுதி எரிந்துபோனவன், காணிப் பதிவகத்தில் பிரதி தேடி, அளவையாளரை அமர்த்தி, நியாயதுரந்தரருக்குப் பணம் திரட்டி, புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் சென்று வழக்குத் தொடுக்க இரண்டாண்டு.

அவ்வாறு தொடுத்து வென்றாலும் சுவர் அங்கேயே நிற்கும். இச்சட்டம் காலக் கணக்கைத் திருத்தியதே தவிர, நல்லெண்ணத்தோடு வந்து கட்டியவனுக்கு யார் ஈடு கொடுப்பது என்பதைத் தொடவில்லை. அது பழைய சட்டத்தின்படி மீட்கிறவன் தலையில் விழுகிறது. கற்பிட்டி மணலில் ஒரு வீட்டைக் கடனில் முடித்தவன், தன் தந்தையின் யாழ்ப்பாணத்து வளவை மீட்க, அங்கே இன்னொருவன் கட்டிய சுவருக்கும் விலை கொடுக்கவேண்டும். இருவரையும் துரத்திய போரை நடத்தியவர்களிடமோ அரசாங்கத்திடமோ அத்தொகையைக் கேட்பதற்கு எந்தக் கட்டளைச் சட்டத்திலும் பிரிவில்லை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டம், ஆணைபெற்ற அளவையாளர் தம் அறிக்கையில் நிலத்திலுள்ள கட்டடங்களையும் பயிர்களையும் குறித்து, ஒவ்வொன்றையும் யார் தமதென்கிறார் என்பதையும் எழுதவேண்டும் என விதிக்கிறது. இயன்றவரை ஒருவன் கட்டிய கட்டடம் அவன் பங்கிலேயே விழுமாறு பிரிக்கவேண்டும் என்றும் சொல்கிறது. பங்காளிகளுக்கு மட்டும் உரிய ஏற்பாடு அது. அயலவருக்கும் அகதிகளுக்கும் அதனை விரிப்பதற்கு நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும்.